வெள்ளணுக்களும் ஒரு துளசி மாலையும்

எழுபதுகளின் கடைசியில், எனக்கு ரத்தப் புற்றுநோய் என்று சொன்ன மதுரை மருத்துவர், என் மாணவர்களைவிட ஏழெட்டு வயதுதான் மூத்தவராக இருப்பார். செய்தியைவிட அந்த வயதே முதலில் என்னை உறுத்தியது. நான் கல்லூரியில் இயற்பியல் கற்பித்துக்கொண்டிருந்தேன். அளந்து சொல்ல முடியாததைச் சொல்லாதே என்று இருபது ஆண்டுகளாக வகுப்பில் வற்புறுத்தி வந்தவன். ஆகவே, எவ்வளவு காலம் என்று கேட்டேன்.

"சொல்ல முடியாது சார். இது மெதுவான வகை. சிலர் ரெண்டு மூணு வருஷத்துல போயிடறாங்க. சிலர் இதோடயே வயசாகி, வேற ஏதாவதுல போறாங்க."

என் மாணவன் இப்படியொரு விடை எழுதியிருந்தால் பூஜ்யம் போட்டிருப்பேன்.

நோயை அவர் விளக்கிய விதம் மட்டும் தெளிவாக இருந்தது. என் ரத்தத்தில் வெள்ளணுக்கள் அளவுக்கு மீறிப் பெருகிவிட்டன. ஆனால் அவற்றில் பெரும்பாலானவை வேலை செய்யாதவை. கிருமி உள்ளே வந்தால் எதிர்த்து நிற்க ஆள் இல்லை. எங்கள் கல்லூரியின் குழுக்களில் உட்கார்ந்து பழகிய எனக்கு இது எளிதில் விளங்கியது. மாத்திரை எழுதித் தந்தார். பிறகு விலக்குகளைச் சொன்னார்: கூட்டத்தில் நிற்கக் கூடாது, காய்ச்சல்காரர் அருகே போகக் கூடாது, வெளியில் சாப்பிடக் கூடாது, குற்றாலத்தில் சீசன் கூட்டத்தோடு அருவியில் நிற்கவே கூடாது.

"மத்தபடி நார்மலா இருக்கலாம் சார்" என்றார். தென்காசியில் வாழும் ஒருவனுக்கு இவற்றையெல்லாம் கழித்த பின் என்ன எஞ்சும் என்பதை அவர் சொல்லவில்லை.

பேருந்து புளியங்குடியைத் தாண்டுவதற்குள், நோயை ஒருவருக்கும் தெரிவிப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். சாவுக்கு அஞ்சியதாக நினைவில்லை. 'பாவம்' என்ற சொல்லுக்கு அஞ்சினேன். நான் தெருவில் நடந்தால் பேச்சைத் தாழ்த்திக்கொள்பவர்கள் உண்டு. நாளை அதே ஆட்கள் இரக்கத்தால் தாழ்த்திக்கொள்வார்கள். அந்த மாற்றத்தை என்னால் ஏற்க முடியாது.

என் மனைவியிடம் மட்டும் சொன்னேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, காரியத்துக்கு வந்தாள்.

"கல்யாணத்துக்குப் போகாட்டா ஏதாவது சொல்லிக்கிடலாம். துஷ்டிக்குப் போகாம இந்தத் தெருவுல எப்படி இருப்பிய?"

கேள்வி நியாயமானது. எங்கள் பக்கத்தில் சாவு வீட்டுக்குப் போய்த் துக்கம் கேட்காதவனுக்கு மன்னிப்பே கிடையாது. அவன் வீட்டுச் சாவுக்கும் ஒருவரும் வர மாட்டார்கள். எதிர்வீட்டு அண்ணாச்சி இந்த விஷயத்தில் தெருவுக்கே நீதிபதி. இலத்தூரில் வயல் வைத்திருந்த அவர், யார் எந்தத் துஷ்டிக்கு வரவில்லை என்பதை நாற்பது வருடத்துக்குப் பின்னோக்கிச் சொல்வார்.

கார்த்திகை பிறந்த மூன்றாம் நாள் அந்த அண்ணாச்சியின் தாயார் காலமானார். வீட்டு வாசலில் பந்தல் போட்டாயிற்று. தெரு முழுவதும் தலைகள், இருமல்கள். நான் சட்டையை மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தேன். மனைவி பூஜையறையிலிருந்து ஒரு துளசி மாலையோடு வந்தாள்.

"சபரிமலைக்கு மாலை போட்டவக துஷ்டி வீட்டுக்குப் போகக் கூடாதுல்லா?"

கல்லூரி மேடையில், விரதங்களின் பயனின்மை குறித்து முக்கால் மணி நேரம் உரையாற்றியவன் நான். அந்த உரை அச்சாகியும் இருக்கிறது. இருந்தும் அந்த மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டேன்.

ஊர் அதை ஏற்றுக்கொண்ட வேகம் என்னைப் புண்படுத்தியது. என் உரையை நினைவுபடுத்தி எவராவது எதிர்ப்பார் என்று எதிர்பார்த்தேன். ஒருவரும் அதைக் கேட்டிருக்கவில்லை போலும். மாலைக்குரிய விதிகளும் மருத்துவர் சொன்ன விதிகளும் பெரும்பாலும் ஒன்றாகவே இருந்தன: வீட்டுச் சாப்பாடு, துஷ்டிக்கு விலக்கு, தனிப் பாய். வெறுங்காலோடு நடப்பதையும் விடியலில் பச்சைத் தண்ணீரில் குளிப்பதையும் மட்டும் நான் சத்தமில்லாமல் தவிர்த்தேன்.

தை பிறந்ததும் மலைக்குப் போய் வந்து எல்லோரும் மாலையைக் கழற்றினார்கள். நான் மலைக்கும் போகவில்லை, மாலையைக் கழற்றவும் இல்லை. ஒரு வேண்டுதல் இருக்கிறது, அது நிறைவேறினால்தான் மலை, அதுவரை மாலை கழுத்தில்தான் என்று சொல்லிவிட்டேன். என்ன வேண்டுதல் என்று என்னிடம் கேட்கும் துணிவு எவருக்கும் இல்லை. ஆகவே அவர்களே முடிவு செய்துகொண்டார்கள். காலியாகவிருந்த பிரின்ஸிபால் பதவிக்காக நான் கடவுளிடம் மனுப் போட்டிருக்கிறேனாம். அந்தப் பதவியை ஒருமுறை வேண்டாமென்று எழுதிக் கொடுத்தவன் நான். உயிருக்காகப் போட்ட மாலை என்று மறுக்கவும் வழியில்லை. வாயை மூடிக்கொண்டு பதவியாசை பிடித்தவனாக வாழ்ந்தேன்.

ஆனியில் சாரல் தொடங்கியது. சென்னையிலிருந்து வந்த உறவினர்களைக் குற்றாலத்துக்கு அழைத்துப் போய், அவர்களுடைய துண்டுகளைச் சுமந்தபடி, குடைக்குள் தள்ளி நின்றேன். முப்பது வருடமாக ஒரு சீசனும் தவறாமல் நின்று குளித்த அருவி. "சாமி குளிக்கலையா?" என்று எண்ணெய் தேய்த்துவிடுகிறவர் கேட்டார். சங்கல்பம் என்றேன். அவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அந்த மரியாதைதான் வினையாக முடிந்தது. நான் தேடிப் போகாத கூட்டம் என்னைத் தேடி வரத் தொடங்கியது. வருடம் முழுவதும் மாலையோடு இருப்பவர் கையால் திருநீறு பூசினால் நல்லது என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். காலையில் கதவைத் திறந்தால் வாசலில் ஒருவர் நிற்பார். என் மனைவி முறை வைத்து, சாமி குளிக்கிறார், சாமி தூங்குகிறார் என்று சொல்லிச் சமாளித்தாள். அந்த ஆண்டு இரண்டுமுறை எனக்கு நெஞ்சில் சளி கட்டி மதுரைக்குப் போனோம். இன்னொருமுறை இப்படி வந்தால் தாங்காது என்று அந்த இளம் மருத்துவர் முதன்முறையாகத் திட்டவட்டமாக ஒன்றைச் சொன்னார்.

பங்குனியில் ஒருநாள் காலை, மனைவி கொல்லையில் இருந்த சமயம், எதிர்வீட்டு அண்ணாச்சி தம் பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு நேரே உள்ளே வந்துவிட்டார்.

"சாமி, பிள்ளைக்கு மூணு நாளா காச்சல். கண்ணே தொறக்க மாட்டேங்கா. உங்க கையால துன்னூறு பூசி விடுங்க."

குழந்தையின் கழுத்தோரம் நீர் கோத்த இரண்டு முத்துகள் தெரிந்தன. அம்மை. அண்ணாச்சி இன்னும் கவனித்திருக்கவில்லை. எனக்கும் அவருக்கும் இடையே நான்கடி. அவர் மேலும் ஓர் அடி எடுத்து வைத்தார். நான் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எழுந்தேன்.

"கிட்டே வராதீர்கள். எனக்கு ரத்தப் புற்றுநோய். அந்தக் குழந்தைக்கு அம்மை கண்டிருக்கிறது. அது எனக்கு வந்தால் நான் பிழைக்க மாட்டேன்."

மேடையில் பேசும் அதே நடையில் சொன்னதாக நினைவு. அண்ணாச்சி குழந்தையின் கழுத்தைப் பார்த்தார். பிறகு பின்னாலேயே நடந்து வாசற்படிக்கு இறங்கி, தெருவில் நின்றுகொண்டு கேட்டார்.

"எத்தனை நாளா?"

"இரண்டு வருடம் ஆகப் போகிறது."

"அப்போ அந்த மாலை?"

"டாக்டர் சொன்னதற்காகப் போட்டது."

"பிரின்ஸிபால் வேலைக்கு இல்லியா?"

"இல்லை."

அவர் முகத்தில் தெரிந்தது ஏமாற்றம்தான். மாலை போட்ட நாள் முதல் என்னைச் சாமி என்றும் நீங்கள் என்றும் அழைத்தவர், அந்த இடத்திலேயே பழைய வழக்குக்குத் திரும்பினார்.

"என்னவே மனுசன் நீரு. எங்க அம்மா துஷ்டி அன்னிக்கே வந்து சொல்லியிருந்தீருன்னா, நானே உம்ம வீட்டுக்குள்ள வச்சு பூட்டியிருப்பேன்லா."

பிள்ளைக்கு அம்மை இறங்கி, தலைக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகு அவர் புது வேலையொன்றை மேற்கொண்டார். தம் வாசலில் நாற்காலி போட்டு, என் வாசலைப் பார்த்தபடி உட்காருவார். இருமுகிறவர், மூக்கைச் சிந்துகிறவர் யாராக இருந்தாலும் அவரைத் தாண்டி வர முடியாது. "ஏலே, சாமி மௌன விரதம். அங்கனயே நின்னு கும்புட்டுட்டுப் போ." என் நோயைப் பற்றி அவர் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. என் பொய்யை என்னைவிடத் திறமையாக அவர் காப்பாற்றினார். அதன் பிறகு எனக்குச் சளி பிடித்ததே அபூர்வம்.

எண்பதுகளின் நடுவில் ஒரு மாசி மாதம், ஒரு நோயும் இல்லாத அண்ணாச்சி, இலத்தூர் வரப்பில் நடந்துகொண்டிருக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழவில்லை.

பந்தல் போட்டார்கள். தெரு முழுவதும் தலைகள், இருமல்கள். நான் மாலையைக் கழற்றிப் பூஜையறை ஆணியில் மாட்டிவிட்டு, சட்டையைப் போட்டுக்கொண்டு தெருவைக் கடந்தேன். பேச்சு அடங்கியது. வேண்டுதல் நிறைவேறாமலேயே மாலையைக் கழற்றித் துஷ்டி வீட்டுக்கு வந்துவிட்டான் என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. பதவி ஆசையும் போய், பக்தியும் போய், ஒரே நாளில் இரண்டு பெயரையும் இழந்தேன். கூட்டத்துக்குள் நுழைந்து, அவர் மகனுடைய கைகளைப் பிடித்துக்கொண்டேன். சுடுகாடுவரை நடந்தேன்.

திரும்பும்போது சிற்றாற்றில் எல்லோரோடும் இறங்கித் தலை முழுகினேன். மாசித் தண்ணீர் முழங்கால் அளவே இருந்தது. குற்றாலத்து அருவி அங்கே வந்து சேரும்போது அவ்வளவுதான் மிஞ்சும். ஏழு வருடத்துக்குப் பிறகு அந்தத் தண்ணீர் என் தலையில் பட்டது.

அடுத்த மாதம் மதுரையில் அந்த மருத்துவர் ரத்தத்தைச் சோதித்துவிட்டு, மாற்றமொன்றும் இல்லை என்றார். இனி எவ்வளவு காலம் என்று அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.