செவ்வாய்க்கிழமைக்குப் பேசிய மண்டபம்

எங்கள் தெருவில் யார் வீட்டுக் கல்யாணத்துக்கு மண்டபம் பேசப் போனாலும் என்னையும் கூட்டிக்கொண்டு போவார்கள். அங்கே போய் நான் வாயைத் திறக்க மாட்டேன். பேரம் எல்லாம் மற்றவர்கள் பேசுவார்கள். ரசீது எழுதி முடித்ததும் என்னிடம் நீட்டுவார்கள். தேதி, கிழமை, சாவி தரும் மணி, காலி செய்யும் மணி, இவற்றை விரல் வைத்துப் படிப்பேன். நான் தலையாட்டினால்தான் வெற்றிலை பாக்கு மாற்றுவார்கள். இந்த மரியாதை எனக்கு எப்படிக் கிடைத்தது என்று இளையவர்களுக்குத் தெரியாது. 1991இல் என் தங்கை கல்யாணத்துக்கு மண்டபம் பேசியவன் நான்.

அப்போது வண்டிகளுக்கு உதிரி பாகம் செய்யும் ஒரு கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் இருந்தேன். தினமும் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் மறைமலை நகருக்குப் போய் வருவேன். பத்தாவது வரை படித்தவன். புது ஆட்களைக் கண்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஆனால் அப்பா, "கம்பெனிக்குப் போற புள்ள, நாலு எழுத்து தெரியும், நீயே எல்லாத்தையும் பாத்துக்க" என்று சொல்லிவிட்டார்.

மாப்பிள்ளை வீட்டார் நல்லவர்கள். நகை, பாத்திரம் என்று எதையும் வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்டது ஒன்றுதான். கல்யாணம் வாசலில் பந்தல் போட்டு வேண்டாம், மண்டபத்தில் நடக்க வேண்டும். சாயங்கால வரவேற்பை அவர்களே மறைமலை நகரில் வைத்துக்கொள்வதாகச் சொன்னார்கள். முகூர்த்தம் புதன்கிழமை விடியற்காலை நாலரை முதல் ஆறு.

மண்டப மேனேஜரிடம் வாயால் கேள்வி கேட்க என்னால் ஆகாது என்று எனக்கே தெரியும். அதனால் கம்பெனியில் செய்வதுபோல் ஒரு தாளில் கோடு போட்டு, கேட்க வேண்டியதையெல்லாம் வரிசையாக எழுதி, பக்கத்தில் 'சரி', 'சரியில்லை' என்று இரண்டு கட்டம் போட்டுக்கொண்டு போனேன். தண்ணீர்த் தொட்டி, கரண்ட் போனால் ஜெனரேட்டர், அண்டா குண்டா, மணமகள் அறைக்குத் தாழ்ப்பாள், இலை போடும் குழி. ஒவ்வொரு குழாயையும் திறந்து மூடினேன். சாதம் வடிக்கும் தவலையைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தேன். ஒரு தவலையில் ஓட்டை இருந்தது. 'சரியில்லை' கட்டத்தில் டிக் போட்டேன்.

மேனேஜர் பின்னாலேயே வந்துகொண்டிருந்தார். "இன்னாபா இது, என் மண்டபத்துக்கே பரீட்சை வெக்கிறியா?" என்று சிரித்தார். ஆனாலும் தாளில் கையெழுத்துப் போட்டார். ரசீதுப் புத்தகத்தை என் பக்கம் தள்ளி, "கண்ணாடி வூட்ல கீது. தேதி, கிழமை நீயே எழுதிக்க" என்றார். எழுதினேன். அவர் முத்திரை குத்திக் கொடுத்தார். பெரிய காரியம் முடித்த தெம்போடு வீட்டுக்கு வந்து ரசீதைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகினேன்.

மூன்று வாரம் கழித்து அச்சகத்திலிருந்து பத்திரிகைக் கட்டு வந்தது. மூலைகளுக்கு மஞ்சள் தடவ உட்கார்ந்த தங்கை, என்ன தோன்றியதோ, ரசீதை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"அண்ணா, பத்திரிகையில புதன்கிழமை போட்டுக்கீது. ரசீதுல செவ்வாக்கிழமைன்னு எழுதிக்கீறியே?"

"ரெண்டும் ஒண்ணுதான்" என்றேன். "விடிகாலை நாலரைன்னா செவ்வாக்கிழமை மூணாவது ஷிப்ட்தானே? காலைல ஏழு மணிக்கு ஷிப்ட் முடிஞ்சாத்தான் புதன் வரும்."

இதில் சந்தேகப்பட ஏதாவது இருப்பதாகவே எனக்குத் தோன்றவில்லை. வருகைப் பதிவு, உற்பத்திச் சீட்டு, தரச் சீட்டு எல்லாவற்றிலும் இரவு ஷிப்ட் தொடங்கிய நாளின் தேதியைத்தான் போடுவோம். ஆறு வருடமாக விடியற்காலை நாலரைக்கு முந்தின நாள் தேதி எழுதிப் பழகிய கை அது.

தங்கை ரசீதை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். "உன் கம்பெனில பொழுதே விடியாதா?" என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பத்திரிகை ஐந்நூறும் அச்சாகி, மண்டபத்தின் பெயரோடு வீட்டில் இருக்கிறது. நான் சட்டையை மாட்டினேன். அவளும் செருப்பைப் போட்டாள். கல்யாணப் பெண் மண்டபத்துக்குச் சண்டைக்குப் போவதா என்று அம்மா கத்தியது தெருமுனை வரை கேட்டது.

மேனேஜர் டைரியைப் புரட்டினார். "செவ்வாக்கிழமை முகூர்த்தம்னா திங்கக்கிழமை சாயங்காலம் சாவி, செவ்வா மத்தியானம் ரெண்டு மணிக்கு காலி. புதன் முகூர்த்தத்துக்கு தண்டலம் பார்ட்டி வந்து போன வாரமே பேசிட்டாங்க."

நான் அப்போது மேனேஜரிடம் பேசியது ஒரே ஒரு வாக்கியம். "செவ்வாக்கிழமையில எவன் சார் கல்யாணம் வெப்பான்?"

"சீர்திருத்தக் கல்யாணமோன்னு நெனச்சேன்பா" என்றார் அவர். "ஒரு தாளு நெறைய கேள்வியா எழுதிக்கினு வந்தியா, நாள் நட்சத்திரம் பாக்காத கருப்புச் சட்டை ஆளுன்னு முடிவே பண்ணிட்டேன். உன் கையாலதானே எழுதினே?"

என் கைதான். முத்துமுத்தாக என் கையெழுத்து. தங்கை அவரோடு அரை மணி நேரம் மல்லுக்கட்டினாள். தேதியைக் கஸ்டமரிடம் எழுதச் சொல்வது எந்த ஊர் நியாயம் என்று கேட்டாள். கடைசியில் அவர், "அந்தத் தண்டலத்தம்மா ஒத்துக்கினா எனக்கு ஒண்ணும் இல்ல. நீங்களே போய்ப் பேசிக்கோங்க" என்று கையை விரித்தார்.

தண்டலம் பார்ட்டி பக்கத்து ஊரில் ஒரு மளிகைக் கடைக்காரம்மா. அவர் பெண்ணுக்கு அதே புதன்கிழமை ஒன்பது முதல் பத்தரை முகூர்த்தம். நாங்கள் போனபோது கடையில் பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார்.

பஸ்ஸில் வரும்போதே தங்கை சொல்லிக் கொடுத்திருந்தாள். மேனேஜர் ஏமாற்றிவிட்டான் என்று ஆரம்பிக்க வேண்டும். ஆனால் அந்தம்மா நிமிர்ந்து, "இன்னா தம்பி வோணும்?" என்று கேட்டதும் எனக்கு அது வரவில்லை. "தப்பு என்னுதுதாங்க" என்றேன். மூன்றாவது ஷிப்ட் கதையைக் கீழே பார்த்தபடியே முழுக்கச் சொன்னேன்.

அவர் தராசைப் பிடித்தபடியே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "அதுக்கு நான் இன்னா பண்றது? என் பொண்ணு பத்திரிகையும் அச்சாயிடிச்சே."

"உங்க ரசீதுல இன்னா போட்டுக்கீது, அக்கா?" என்று தங்கை கேட்டாள்.

"ரசீதா? அந்த மேனேஜரு மாசாமாசம் என் கடையிலதான் கடனுக்கு மளிக வாங்குறான். அவன்கிட்ட போய் ரசீது கேட்டா நல்லாவா இருக்கும்?"

"எங்ககிட்ட ரசீது கீது, நாளு தப்பு. உங்ககிட்ட நாளு சரி, ரசீதே இல்ல. நாளைக்கு பெரிய எடத்து ஆளு ஒருத்தர் வந்து நின்னார்னா நம்ம ரெண்டு பேருக்குமே கதவ சாத்திடுவாரு அக்கா."

அந்தம்மா பருப்பைப் பொட்டலம் கட்டி, நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "உங்களுது எத்தினி மணிக்கு முடியும்?"

"ஆறு மணிக்கு. ஏழரைக்குள்ள டிபனும் முடிச்சிடுவோம்."

"எங்க ஆளுங்க எட்டு மணிக்கு முன்னாடி பாயைச் சுருட்ட மாட்டாங்க" என்றார். உள்ளே திரும்பி வீட்டுக்காரரிடம் கடையைப் பார்த்துக்கச் சொல்லிவிட்டு, என்னைக் கூப்பிட்டார். "தம்பி, நீ தாளு எழுதுறவன்தானே? எழுது. மணி போட்டு எழுது. கிழமைய மட்டும் உன் தங்கச்சி சொல்லட்டும்."

கடைப் பலகையிலேயே வைத்து எழுதினேன். செவ்வாய் சாயங்காலத்திலிருந்து மண்டபம் அவர்களுக்கு. புதன் விடியற்காலை மூன்று மணி முதல் ஏழரை வரை மேடையும் சாப்பாட்டுக் கூடமும் எங்களுக்கு. மறுபடி அவர்களுக்கு. வாடகையில் எங்கள் பங்கு பாதிக்கும் குறைவு. மேனேஜர் இரண்டு பேரிடமும் முழு வாடகை வாங்கக் கூடாது என்று ஒரு வரியை அந்தம்மா தனியாகச் சேர்க்கச் சொன்னார். மூன்று பேரும் அன்றைக்கே பஸ் ஏறினோம். தாளை மேனேஜர் முன்னால் நானே உரக்கப் படிக்க வேண்டியதாயிற்று. இரண்டு வாடகை வரி வந்தபோது அவர் முகம் சுருங்கியது. மாதாமாதம் கடன் கொடுக்கும் அம்மா எதிரிலேயே உட்கார்ந்திருந்தார். கையெழுத்துப் போட்டார்.

அப்படியும் மாப்பிள்ளையின் மாமாவுக்கு முந்தின இரவு மண்டபத்தில் தங்க முடியாதது ஒரு குறைதான். வேனை விட்டு இறங்கும்போதே முறைத்தார். உள்ளே நுழைந்ததும் நான் மேடையைப் பார்த்தேன். முந்தின சாயங்கால வரவேற்புக்காகத் தண்டலத்து வீட்டார், மேடைக்குப் பின்னால் தெர்மோகோலில் தங்கள் பெண், மாப்பிள்ளை பெயர்களை வெட்டி, ஜிகினா தூவி, நடுவில் இதயம் வேறு வைத்து ஒட்டியிருந்தார்கள். தாளில் எழுதாமல் விட்டது அதுதான். ஓடிப் போய்க் கழற்றப் பார்த்தேன்.

"உடுண்ணா" என்றாள் தங்கை, மாலையும் கழுத்துமாக. "பாவம், ராத்திரி பூரா ஒட்டிக்கீறாங்க. கிழிஞ்சிடும்."

ஐந்தேகாலுக்குத் தாலி கட்டினார்கள். ஏழு இருபதுக்குக் கடைசிப் பந்தி எழுந்தது. எங்கள் வீட்டு ஆண்களே இலை எடுத்துக் கூடத்தைக் கழுவிவிட்டோம். படிக்கட்டில் தலை பின்னிக்கொண்டே காத்திருந்த தண்டலத்துக் கல்யாணப் பெண்ணுக்கு என் தங்கை தன் கொண்டையிலிருந்து கொஞ்சம் பூ கிள்ளிக் கொடுத்துவிட்டு வேனில் ஏறினாள்.

போட்டோகிராபர் எவ்வளவோ கோணம் மாற்றிப் பார்த்தார். ஆல்பத்தில் ஒரு படம்கூடத் தப்பவில்லை. தங்கையும் மச்சானும் கைகூப்பி நிற்க, தலைக்கு மேல் வேறு யாரோ இருவரின் பெயர்கள் ஜிகினாவில் மின்னுகின்றன. பார்க்கிறவர்கள் இது யார் என்று கேட்டால், மச்சான் பக்கத்தைத் திருப்பாமலே என்னை நோக்கிக் கை காட்டுவார்.