அரக்கு நூல் சுற்றிய கம்பு

போன சித்திரையில் நடந்தது இது. அருப்புக்கோட்டையை ஒட்டிய பாளையம்பட்டியில் எங்கள் வீடு. தெருவைப் பார்த்த முன்னறையில் சின்னதாக ஒரு பியூட்டி பார்லர் வைத்திருக்கிறேன். பின்பக்கத் தகர ஷெட்டில் என் வீட்டுக்காரர் விசைத்தறி ஓட்டுகிறார். அவருக்கும் நூல்தான் பிழைப்பு, எனக்கும் நூல்தான் பிழைப்பு. அவர் நூலில் சேலை வரும், என் நூலில் புருவம் வரும்.

பக்கத்து வீட்டு அக்காவின் கணவர் சவுதியில் வேலை பார்க்கிறார். முந்தின லீவில் வந்தபோது மதுரையிலிருந்து ஒரு கிளி வாங்கி வந்தார். நம் ஊர்ப் பச்சைக்கிளி இல்லை. சாம்பல் உடம்பு, மஞ்சள் கொண்டை, கன்னத்தில் ரூஜ் தடவினாற்போல ஆரஞ்சு வட்டம். என் தொழில் புத்திக்கு அந்தக் கன்னம்தான் முதலில் கண்ணில் பட்டது. இந்த வகைக் கிளியைக் காக்டெயில் என்று சொல்கிறார்கள். அக்காவின் கணவர் வீட்டுக்குள் நுழையும்போது ஒரு விசில் அடிப்பார். மேலே ஏறிப்போய்ச் சட்டென்று கீழே இறங்கும். லீவு முடிவதற்குள் கிளி அதை அப்படியே பிடித்துக்கொண்டது. அவர் பிளேன் ஏறிப் போன பிறகும் அந்த வீட்டிலிருந்து தினமும் அவர் விசில் கேட்கும். அக்கா அடுப்படியிலிருந்து வாசலை எட்டிப் பார்த்துவிட்டு, தன்னைத்தானே திட்டிக்கொண்டு உள்ளே போவார். பார்க்கிற எனக்குத்தான் மனசு கஷ்டமாக இருக்கும்.

அந்தச் சித்திரையில் அவர் மறுபடி லீவில் வருவதாக இருந்தது. அக்காவுக்கு அதற்கு முன்னால் திருச்சுழிப் பக்கம் அம்மா வீட்டில் தம்பி கல்யாணம். கல்யாணம் முடித்து அப்படியே மதுரை ஏர்போர்ட் போய் அவரைக் கூட்டிக்கொண்டு வருவதாக ஏற்பாடு. கூண்டை எங்கள் வீட்டில் கொண்டுவந்து வைத்தார்.

"இவுக வந்ததும் மொதல்ல கூண்டத்தான் பாப்பாக. பத்திரம் தங்கச்சி" என்றார். நான் பெரிய இவளாட்டம், "போயிட்டு வாங்கக்கா, நானாச்சு" என்று சொல்லிவிட்டேன்.

என் வீட்டுக்காரருக்கு நாய், பூனை என்று எதுவும் ஆகாது. கூண்டைப் பார்த்ததும் முகத்தைச் சுளித்தார். ஆனால் இரண்டு நாளிலேயே ஷெட்டுக்குப் போகும்போதும் வரும்போதும் கூண்டுக்கு முன்னால் நிற்க ஆரம்பித்தார். நான் கவனிக்காததை அவர் கவனித்தார். கூண்டோடு வந்த கம்பு மெலிசான பிளாஸ்டிக். வழுவழுவென்று இருந்தது. கிளி அதில் உட்கார்ந்தால் கால் வழுக்கும். இந்தக் காலை மாற்றும், அந்தக் காலை மாற்றும், கடைசியில் கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தொங்கும்.

"இது தூங்கவே இல்ல. நின்னுக்கிட்டே கெடக்கு" என்றார்.

"கிளி நின்னுக்கிட்டுத்தாங்க தூங்கும்."

"நிக்கிறதுக்கும் ஒரு எடம் வேணும்ல?"

பிளம்பிங் பைப்பில் ஒரு துண்டு வெட்டி வைத்துப் பார்த்தார். அது இன்னும் மோசம். காட்டிலிருந்து கருவேலங்குச்சி ஒடித்து வந்தார். முள் எடுத்த இடமெல்லாம் ஊசியாக நின்றதால் நான் தூக்கி எறிந்தேன். பிறகு ஒருநாள் தறியில் மிஞ்சிய நூலைக் கொண்டுவந்து உட்கார்ந்தார். நல்ல அரக்கு நிறப் பருத்தி நூல். அந்தப் பிளாஸ்டிக் கம்பின் மேலேயே, இழையோடு இழை ஒட்ட, விரல் தடிமனுக்குச் சுற்றினார். சேலைக்குக்கூட அவ்வளவு பொறுமையாக வேலை பார்த்து நான் கண்டதில்லை.

உண்மையிலேயே அழகாக இருந்தது. கிளி ஏறி உட்கார்ந்து, ஒரு காலை வயிற்றுக்குள் இழுத்துக்கொண்டு, கண்ணை மூடியது. அவருக்குப் பெருமை தாங்கவில்லை. போட்டோ எடுத்து அக்காவுக்கு அனுப்பச் சொன்னார். அக்கா அதைச் சவுதிக்கு அனுப்ப, அங்கிருந்து அவரே குரல் பதிவு அனுப்பினார்: "மாப்ள, மெத்தையே போட்டுட்டீகளே, அருமை!" என் வீட்டுக்காரர் அதை எத்தனை தடவை போட்டுக் கேட்டார் என்பதைச் சொன்னால் என்னோடு சண்டைக்கு வருவார். கிளிக்கு மூக்கு சும்மா இருக்காது, கிடைத்ததைக் கடித்துப் பிரித்துக்கொண்டே இருக்கும் என்பது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

அவர்கள் வருகிற நாள் வந்தது. மத்தியானம். ஷெட்டில் தறி ஓடிக்கொண்டிருந்தது. பார்லர் நாற்காலியில் மில் ஆபீசில் வேலை பார்க்கும் ஒரு பெண். மறுநாள் அவளைப் பெண் பார்க்க வருகிறார்கள். ஒரு புருவம் முடித்து, அடுத்த புருவத்துக்கு நூலைப் பல்லில் கடித்தேன். அப்போது கரண்டு போனது.

தறி நின்ற அடுத்த நொடி அந்தச் சத்தம் கேட்டது. கிளி அப்படிக் கத்தி நான் கேட்டதே இல்லை. எவ்வளவு நேரமாகக் கத்திக்கொண்டிருந்ததோ, தறிச் சத்தத்தில் யாருக்குத் தெரியும்? ஓடிப்போய்ப் பார்த்தால், ஒற்றைக் காலில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு றெக்கையை அடித்துக்கொண்டிருந்தது. கம்பிலிருந்து பிரிந்த நூல் விரல்களிலும் கணுக்காலிலும் சுற்றி இறுகியிருந்தது.

ஷெட்டிலிருந்து ஓடி வந்தவர், கூண்டுக்குள் கையை விட்டு நூலைப் பிடித்து இழுத்தார். தறியில் சிக்கு விழுந்தால் அவர் கை போகிற வேகம் அது. இழுத்து நுனியைக் கண்டுபிடித்துவிடுவார். ஆனால் இங்கே நூல் இன்னும் இறுகியது. கிளி ஒரு தடவை கீச்சென்றது. பிறகு சத்தமே இல்லை.

"இழுக்காதீங்க! விடுங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் தெருவே திரும்பியிருக்கும்.

கம்புக்கும் காலுக்கும் நடுவில் நூலை வெட்டி, கிளியைக் கீழே இறக்கினோம். காலில் சுற்றியது அப்படியே இருந்தது. விரல்கள் வீங்கி, கருநீலம் பாய ஆரம்பித்திருந்தன. கால்நடை டாக்டருக்குப் போன் போட்டேன். அவர் வெளியூரில் மாட்டு முகாமில் இருந்தார், சாயந்தரம்தான் திரும்புவார். விஷயத்தைச் சொன்னதும், "அதுவரைக்கும் கால் தாங்காதும்மா, நீங்களே வெட்டிருங்க. நெஞ்ச அமுக்கிப் பிடிக்காதீங்க, மூச்சு நின்னுரும். ரத்தம் வந்தா மைதா மாவ வச்சு அழுத்துங்க" என்றார். பின்னால் மாடு கத்தியதும், லைன் போனதும் நினைவிருக்கிறது.

கரண்டு இல்லாததால் வாசல் வெளிச்சத்துக்கு வந்து உட்கார்ந்தோம். ஒற்றைப் புருவத்தோடு இருந்த அந்தப் பெண், நான் கேட்காமலே பார்லர் துண்டில் கிளியைச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டாள். கழுத்தை இரண்டு விரலால் பூவைப் பிடிப்பதுபோலப் பிடித்தாள். நான் புருவக் கத்தரியையும் முடி பிடுங்கும் பிளக்கரையும் எடுத்து என் வீட்டுக்காரரிடம் நீட்டினேன். ஓடுகிற தறியில் மயிரிழை போன்ற நூல் அறுந்தால் கண் சிமிட்டுவதற்குள் முடிச்சுப் போடுகிற விரல் அவருக்கு. அந்த விரல்கள் கத்தரியைத் தொடவில்லை.

"நீயே செய்யி. என் கை இழுத்துத்தான் பழகியிருக்கு" என்றார்.

குனிந்து பார்த்தால் எது நூல், எது சதை என்று தெரியவில்லை. அரக்கு நூல், அதன் மேல் ரத்தம். அழகுக்காகத் தேர்ந்தெடுத்த நிறம் எங்களுக்கே வினையாக வந்தது. ஈரப் பஞ்சால் ஒற்றி ஒற்றி, மேலே இருந்த ஒரு சுற்றைக் கத்தரித்தேன். அடுத்த சுற்று தோலுக்குள் இறங்கியிருந்தது. கத்தரி நுனி உள்ளே போகவில்லை. தவறினால் விரலே போய்விடும். என் நெற்றி வியர்வை கிளியின் மேல் சொட்டியது.

"ஊசி இருக்கா? காதுப் பக்கத்த விட்டுத் தூக்கு. கூர்ப் பக்கம் வேணாம்" என்றார் இவர்.

ஊசியின் காதை நூலுக்கடியில் மெல்ல நுழைத்துத் தூக்கினேன். நூல் ஒரு இழை அளவுக்கு மேலே வந்தது. அந்த இடுக்கில் கத்தரி நுனியை வைத்தபோது என் போன் அடித்தது. யார் என்று பார்க்காமலே இவர் எடுத்துவிட்டார். பதற்றத்தில் ஸ்பீக்கர் பட்டன் வேறு அமுங்கிவிட்டது.

"தங்கச்சி, காரியாபட்டில டீ குடிச்சுக்கிட்டு இருக்கோம். இந்தா வந்துட்டோம். கிளி என்ன பண்ணுது? இவுக விசிலடிக்கிறாக, கேக்க வையி!"

யாரும் வாய் திறப்பதற்குள் அந்த விசில் வந்தது. மேலே ஏறி, சட்டென்று இறங்கியது.

செத்ததுபோலக் கிடந்த கிளி துண்டுக்குள் துள்ளியது. தலையைத் தூக்கிப் போன் பக்கம் திரும்பியது. கத்தரியின் வாய்க்குள் அதன் கால். அந்தப் பெண் "அக்கா!" என்று கத்தினாள். நான் கையை மூடவும் இல்லை, எடுக்கவும் இல்லை. கிளி எந்தப் பக்கம் அசைந்ததோ அந்தப் பக்கம் என் கையும் கூடவே போனது. இவர் போனை அமுக்கி நிறுத்தினார். மறுபடி விசில் வரவில்லை. கிளி களைத்துத் தலையைச் சாய்த்தது. அப்போது வெட்டினேன்.

அதற்குப் பிறகும் சுற்றுகள் இருந்தன. ஒவ்வொன்றாக ஊசி, கத்தரி, பஞ்சு. கடைசி நூல் வந்தபோது ரத்தம் வழிந்தது; மாவை வைத்து அழுத்தினேன். கால் கட்டை போலக் கிடந்தது. கொஞ்ச நேரத்தில் கருநீலம் குறைந்து லேசான சிவப்பு பரவியது. என் சுண்டு விரலை அதன் பாதத்தில் வைத்தேன். முதலில் ஒன்றுமில்லை. பிறகு மூன்று விரல்கள் மெதுவாக மடங்கி என் விரலைப் பிடித்தன. நாலாவது அசையவே இல்லை. நான் வாய்விட்டு அழுதுவிட்டேன். அந்தப் பெண்ணும் அழுதாள், ஒற்றைப் புருவத்தோடு.

கார் தெருவுக்குள் திரும்பும்போது என் வீட்டுக்காரர் வாசலில் போய் நின்றுகொண்டார். அவர்கள் இறங்குவதற்குள், "மாமா, கிளிக்கு நான் கேடு பண்ணிட்டேன்" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னார். அக்கா கிளியோடு கூண்டைத் தூக்கிக்கொண்டு தன் வீட்டுக்குள் போய்விட்டார். அந்த முதுகைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

அக்காவின் கணவர் மட்டும் நின்றார். பிரிந்து கிடந்த நூல் கம்பை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நானும் போட்டோவப் பாத்து அருமைன்னுதான மாப்ள சொன்னேன்" என்றார். சூட்கேஸைக்கூட எடுக்காமல், மூலைவீட்டு வேப்பமரத்தில் ஒரு கிளையை வளைத்தார். இவரும் ஓடிப்போய்ப் பிடித்தார். ஒரு பக்கம் தடிப்பு, ஒரு பக்கம் மெலிசு, நடுவில் ஒரு கணு. கழுவி, சொரசொரப்போடு அப்படியே கூண்டில் கட்டினார்கள்.

அன்று சாயந்தரம் சுவருக்கு அந்தப் பக்கம் அவர் விசிலடிப்பது கேட்டது. நிறுத்துவார், காத்திருப்பார், மறுபடி அடிப்பார். பதில் வரவில்லை. என் வீட்டுக்காரர் சோற்றை அளைந்துவிட்டு எழுந்தார்.

மறுநாள் காலை கரண்டு இருந்தது. வழக்கமாக விடிந்ததும் தறி ஓடும். அன்று இவர் சுவிட்சுப் பக்கத்தில் சும்மா நின்றார். நானும் விளக்குமாற்றைக் கீழே வைத்துவிட்டு நின்றேன். தெருவில் பால்காரர் மணி கேட்டது. பிறகு அந்த வீட்டிலிருந்து ஒரு விசில் வந்தது. அது கிளியா, அவரா என்று எங்களுக்குத் தெரியவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டோம். உடனே அதே மாதிரி இன்னொரு விசில் பதிலுக்கு வந்தது. அதன் மேல் அக்கா சிரிக்கிற சத்தம். இவர் முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டு போய்த் தறியைப் போட்டார்.

அசையாத அந்த விரல் பிறகு காய்ந்து விழுந்துவிட்டது. டாக்டர், மற்றது போதும் என்றார். மிச்சமிருக்கிற விரல்களால் வேப்பங்கிளையின் தடிப்பான பக்கத்தைத் தேடிப் பிடித்துக்கொண்டு கிளி நன்றாகத்தான் இருக்கிறது. அக்காவும் பேச ஆரம்பித்துவிட்டார், முதல் சில நாள் கிளியைப் பற்றி மட்டும் பேசாமல். அந்தப் பெண்ணுக்கு மறுநாள் காலையிலேயே மிச்சப் புருவத்தை எடுத்துவிட்டேன்.

இப்போதும் யாருக்காவது சௌகரியம் செய்து கொடுக்க என் கை ஆசையாக நீளும்போதெல்லாம், அந்தக் கிளியின் கால் என் சுண்டு விரலைப் பிடித்த இடம் குறுகுறுக்கிறது. எனக்கு மெத்தென்று படுவது அவர்கள் காலுக்கு என்னவாக இருக்கும் என்று ஒரு நிமிஷம் நின்று பார்த்துவிட்டுத்தான் கொடுக்கிறேன்.