பேச்சித்தாய் புறா சுட்ட கதை

குத்தாலத்துக்கு சீசனுக்கு வந்தவங்க யாரும் பேச்சிக்காவப் பாக்காம போயிருக்க மாட்டாங்க. பேரு தெரிஞ்சிருக்காது, அம்புட்டுதான். மெயின் அருவிக்குப் போற வழியில பலகை நிறைய பலூன் கட்டி வச்சுட்டு, வாங்கண்ணே சுடுங்கண்ணேன்னு ஒருத்தரையும் கூப்பிடாம, கையக் கட்டிட்டு நிப்பா பாருங்க, அவதான். அடுத்த கடை என்னுது. நேந்திரங்கா சிப்ஸ் போடுதேன், பேரு மாரிச்செல்வி. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அவகிட்ட கதை கேட்டா, "அதெல்லாம் ஒண்ணுமில்ல, சோலியப் பாருட்டி"ன்னு முடிச்சிருவா. அதனால நானே சொல்லுதேன்.

பலூன் கடைத் துப்பாக்கியப் பத்தி முதல்ல ஒண்ணு தெரிஞ்சுக்கிடணும். அது நேராச் சுடாது. பேச்சிக்கா வீட்டுக்காரர் இசக்கிப்பாண்டி அண்ணாச்சி, குழல் முனையில இருக்க குறிய இடுக்கியால ஒரு தட்டுத் தட்டி விட்டிருப்பாரு. குண்டு ஒரு விரக்கடை, ஒரு விரல் அகலம், வலத்தால போவும். புதுப் பொண்டாட்டி முன்னால வீரம் காட்ட வந்த மாப்பிள்ளை ஒரு பலூனையும் உடைக்க முடியாம, மானம் போச்சேன்னு மறுபடியும் துப்பாக்கிய வாங்குவாரு. தொழில் அப்படித்தான் ஓடுச்சு. பேச்சிக்கா மட்டும் ஒரு விரக்கடை இடத்தால குறி வச்சு, வரிசையா படபடன்னு உடைச்சுக் காட்டுவா. "பொம்பளை நானே சுடுதேன், உங்களுக்கு என்ன?"ன்னு ஒரு பார்வை பாப்பா. கல்யாணமாகி வந்த நாள்ல இருந்து அவ கை அப்படித்தான் பழகிக் கெடக்கு.

போன தை மாசம் அண்ணாச்சிக்கு பக்கவாதம் வந்துட்டு. வலது கை விழுந்துட்டு, பேச்சும் குழறிட்டு. தென்காசி ஆஸ்பத்திரியில உயிரக் காப்பாத்திக் குடுத்தாங்க. "கைக்கு பயிற்சி குடுத்துட்டே இருங்கம்மா, மெதுவா வரும்"னு டாக்டர் சொன்னாரு. கிண்ணத்துல பயறு போட்டு ஒவ்வொண்ணா எடுக்கச் சொல்லியிருந்தாங்க. மனுஷன் ரெண்டு நாள்ல கிண்ணத்தத் தட்டி விட்டுட்டாரு. நான் என்ன பச்சப்பிள்ளையான்னு கோவம். அப்புறம் செவரப் பாத்துப் படுத்தவர்தான். கடையில குண்டு போட்டுக் குடுக்கது அவரு வேலை. ஆனா பேச்சிக்கா கவலைப்பட்டது கடைக்காக இல்ல. அந்தக் கை வரலைன்னா இந்த மனுஷன் செவரப் பாத்தே செத்துருவாருன்னு அவளுக்குப் பயம். எங்கிட்ட வாய் விட்டுச் சொன்னா, அழுதா. அவ அழுது நான் பாத்தது அன்னைக்குத்தான்.

அந்த நேரத்துல வந்து சேந்தா ராயகிரியில இருந்து அண்ணாச்சியோட அக்கா முத்துலட்சுமி. விழுந்த கைக்கு புறா ரத்தம் தேய்க்கது நம்ம பக்கம் எல்லாருக்கும் தெரிஞ்ச வைத்தியம்தான. மதினிக்காரி வாசப்படி ஏறும்போதே அதத்தான் கேட்டா.

"இன்னும் புறா ரத்தம் தேய்க்கலையா? என்ன பொம்பளைட்டி நீ?"

"டாக்டர் பயிற்சிதான் சொல்லிருக்காரு மதினி. சந்தையில ஒரு புறா வேணா வாங்கிட்டு வாரேன்."

"கூண்டுல கெடக்க புறாவுல என்ன இருக்கு? பறந்து திரியுத புறாவா இருக்கணும். ரத்தம் சூட்டோட இருக்கணும். வீடு நிறைய துப்பாக்கி வச்சிருக்க, ஒரு புறா சுட மாட்டியோ? என் தம்பி எந்திரிச்சிரக் கூடாதுன்னு நினைக்கியோ?"

அந்தக் கடைசி வார்த்தை பேச்சிக்காவ சுட்டுட்டு. முந்தானைய இழுத்துச் சொருகிட்டு நேரா எங்கிட்ட வந்து, "வாட்டி, புறா சுடப் போவோம்"னா. எனக்குச் சிரிப்பு வந்துட்டு. அவ மூஞ்சியப் பாத்து அடக்கிக்கிட்டேன்.

மலைப்பக்கம் சுட்டா ஃபாரஸ்ட்காரங்க புடிச்சு உள்ள வச்சிருவாங்க. இலஞ்சி ரோட்டுல நல்லகண்ணு அண்ணாச்சியோட நெல்லு மில்லு இருக்கு. அங்கன கூரை உத்திரம் பூரா புறா. நெல்லத் தின்னு, மூட்டை மேல எச்சம் போட்டு, அவரு புலம்பாத நாள் கிடையாது. "தாராளமாச் சுடும்மா, புண்ணியமாப் போவும்"னுட்டாரு.

பலூன் கடைத் துப்பாக்கி அதுக்கு ஆகாது. ஸ்பிரிங் தளந்தது, பலூன் உடையும், புறா சாகாது. அடி பட்டு பறந்து போய் எங்கயாவது கெடந்து துடிக்கும். அது பேச்சிக்காவுக்குப் புடிக்கல. "எடுக்கது உயிரு. ஒரே அடியில போயிரணும்"னா. துபாய்ல இருந்து வந்து இங்கன ஜூஸ் கடை போட்டிருக்க மசூது பாய்கிட்ட புதுத் துப்பாக்கி ஒண்ணு இருந்துச்சு, தோப்புல தேங்கா குடையுத அணில விரட்ட வாங்குனது. அதக் கேட்டா. பாய் துப்பாக்கியோட கூர்மூக்குக் குண்டு டப்பாவையும் நீட்டுனாரு.

"இதுதான்க்கா நல்லாப் பாயும்."

"பாயும், எங்க பாயும்? பக்கத்துல அடிச்சா இந்தால நொழைஞ்சு அந்தால போயிரும். தூரத்துல அடிச்சா சொன்ன இடத்துக்குப் போவாது. தட்டமூக்குக் குண்டு எங்க கடை பலகைக்குச் சரி. உத்திரம் ஒசரம், அம்புட்டுத் தூரம் நேராப் போறது உருண்டமூக்குதான். இருக்கா?"

பாய் தேடி ஒரு டப்பா எடுத்துக் குடுத்தாரு. அக்கா ஒவ்வொரு குண்டா எடுத்து நகத்தால தடவிப் பாத்தா. குண்டுக்குப் பின்னால பாவாடை மாதிரி விரிஞ்சிருக்கும். அது நசுங்கியிருந்தா குண்டு கோணித்தான் போவுமாம். நசுங்குனத எல்லாம் ஒதுக்கிட்டு நல்லதா கொஞ்சம் பொறுக்கிக்கிட்டா.

"ரெண்டு குண்டு சுட்டுப் பாத்துட்டுப் போங்கக்கா, புதுத் துப்பாக்கி"ன்னாரு பாய்.

"நான் துப்பாக்கியோடயே குடும்பம் நடத்துனவ பாய். எனக்குப் பழகிப் பாக்கணுமோ?"ன்னு கிளம்பிட்டா.

மில்லுல ஒரு புறா தனியா உத்திரத்து நுனியில உக்காந்திருந்துச்சு. "நெஞ்சப் பாத்து அடிக்க வேண்டியதுதான? பெருசா இருக்கே"ன்னேன்.

"நெல்லு மில்லுப் புறாட்டி. தீனிப்பை நெறைய நெல்லு இருக்கும், குண்டு அதுலயே தங்கிரும். அது சாகாது, நோகத்தான் செய்யும். தலையில அடிக்கணும். அடிச்சா அதுக்கே தெரியாது."

மூட்டை மேல முழங்கைய ஊனி, மூச்சப் புடிச்சு, சுட்டா.

புறா செத்து விழல. றெக்கை ஒடிஞ்சு விழுந்துச்சு. ஒத்த றெக்கைய இழுத்துட்டு தவிட்டுல சுத்திச் சுத்தி வந்துச்சு. பேச்சிக்கா துப்பாக்கியப் பாத்தா, கையப் பாத்தா. அப்புறம் அவளுக்கு வெளங்கிட்டு. பழக்கத்துல, தலைக்கு ஒரு விரக்கடை இடத்தால குறி வச்சிருக்கா. துப்பாக்கி நேராச் சுட்டு, குண்டு றெக்கையில போய்ட்டு. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். நல்லா ஆடத் தெரிஞ்ச இவளுக்கு கூடம் நேரா இருந்ததுதான் கோளாறாப் போச்சு.

"அப்படியே முந்தானையில சுத்திக்கோக்கா. உயிரோட கொண்டு போனா ரத்தம் சூடா இருக்கும், உங்க மதினி சொன்ன மாதிரியே"ன்னேன்.

அவ புறாவக் கையில எடுத்தா. அது கண்ணு முழிச்சுட்டே இருந்துச்சு, நெஞ்சு அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. இலஞ்சியில இருந்து வீட்டுக்கு ஆட்டோல போவணும். கொஞ்ச நேரம் வச்சிட்டு நின்னா. புருஷன் கைய நினைச்சாளோ என்னவோ. அப்புறம் ஒரே திருகு. புறா அடங்கிட்டு.

வீட்டுல மதினிக்காரி பிளேடும் கிண்ணமுமா உக்காந்திருந்தா. புறாவத் தொட்டுப் பாத்தவ மூஞ்சி மாறிட்டு.

"என்னட்டி, ஆறிப்போயில்ல கெடக்கு?"

"றெக்கையில பட்டுட்டு மதினி. துடிக்கத் துடிக்க என்னால தூக்கிட்டு வர முடியல. அங்கனயே முடிச்சிட்டேன்."

"புறாவப் பாத்த, என் தம்பியப் பாக்கல. இனி அவன் கை வரலைன்னா அந்தப் பாவம் உன் தலையிலதான்."

"என் தலையிலயே இருக்கட்டும். கைய நான் கொண்டாரேன்"னா பேச்சிக்கா. சத்தம் கூட்டல. செவரப் பாத்துக் கெடந்த அண்ணாச்சி அப்பந்தான் இந்தப் பக்கம் திரும்புனாரு. மதினிக்காரி திட்டிக்கிட்டே ஆறுன ரத்தத்தத் தேய்ச்சு விட்டுட்டு மறுநாள் ஊருக்குப் போயிட்டா.

அவ போனதும் பேச்சிக்கா கடைத் துப்பாக்கி அத்தனையையும் அண்ணாச்சி கட்டில் பக்கத்துல கொண்டு போட்டு, இடுக்கி எடுத்து, குறிய ஒவ்வொண்ணா நேராக்குனா. அண்ணாச்சி தலைய ஆட்டி ஆட்டி வேண்டாங்காரு. அவரு வச்ச கோணல்லா.

"இந்தக் கோணல்தான் அந்தப் புறா றெக்கைய ஒடிச்சுது. இனி நம்ம கடையில வேண்டாம்"னுட்டா.

அதோட விட்டாளா? குண்டு டப்பாவத் தொறந்து அவரு முன்னால தாம்பாளத்துல கொட்டுனா. நசுங்குனதும் நல்லதும் கலந்து கெடக்கு. "எனக்குக் கடை சோலி இருக்கு. பிரிச்சு வைங்க. வலது கையால"ன்னு சொல்லிட்டு அடுப்படிக்குப் போயிட்டா. பயறுன்னா தட்டி விடுவாரு. இது தொழில்ல? நசுங்குன குண்டு நல்ல குண்டோட கெடக்கது அவரு கண்ணுக்குப் பொறுக்காது. நான் ஜன்னல் வழியாப் பாத்தேன். கை நடுங்குது, குண்டு உருண்டு ஓடுது, மனுஷன் விடல. இடது கைய நீட்டுனா இவ உள்ள இருந்தே, "எந்தக் கை?"ம்பா. எப்படித்தான் தெரியுமோ. பிரிச்சு முடிச்சா மறுபடி ஒண்ணாக் கொட்டுவா. அவரு கெட்ட வார்த்தை சொல்லுவாரு. "பேச்சு நல்லாத் தெளிஞ்சிட்டு, இன்னும் ரெண்டு சொல்லுங்க"ம்பா. பங்குனி, சித்திரை, வைகாசி எல்லாம் இப்படியே போச்சு. அடி மேல் அடி வச்சா அம்மியும் நகரும்னு சொல்லுவாங்கல்லா, அந்த அம்மி நகந்தத நான் கண்ணால பாத்தேன்.

ஆனி பிறந்து சாரல் விழுந்துச்சு. கூட்டம் வந்துட்டு. பேச்சிக்கா கடையில அண்ணாச்சிய ஸ்டூல்ல உக்கார வச்சிருந்தா. இவ குழல மடக்கிக் குடுப்பா, அவரு வலது கையால குண்டெடுத்து வைக்கணும். மெதுவாத்தான் வைப்பாரு. அவசரப்படுத வாலிபப் பயலுவள, "அருவி எங்கயும் ஓடிராது, நில்லுங்க"ன்னு அதட்டுவா. குறி நேரானதுல எல்லாரும் பலூன உடைச்சுத் தள்ளுதாங்க. ஊதி ஊதி எங்க ரெண்டு பேரு வாயும் வலிக்கி.

ஒரு நாள் முத்துலட்சுமி மதினி அருவியில குளிச்சிட்டு, தலையில துண்டோட கடைக்கு வந்தா. தம்பி குண்ட எடுக்கதப் பாத்து அப்படியே நின்னுட்டா. ஒரு குண்டு நழுவி விழுந்துச்சு. இன்னொண்ணு எடுத்தாரு. குழல் வாயில வச்சு பெருவிரலால அமுக்குனாரு. குண்டு உக்காந்துட்டு.

மதினிக்காரி கண்ணு நெறைஞ்சு போய் என் பக்கம் திரும்புனா. "பாத்தியா? ஆறுன ரத்தம்னாலும் வேலை செஞ்சிருக்கு பாத்தியா?"

பதில் எனக்கு நாக்கு நுனி வரைக்கும் வந்துட்டு. பேச்சிக்கா என் கையப் புடிச்சு அழுத்துனா. மதினி சொல்லிட்டுப் போவட்டும்னு.

அண்ணாச்சிதான் விடல. குண்டு டப்பாவ கீழ வச்சாரு. வலது கையத் தூக்குனாரு. அது மெதுவாத்தான் மேல வந்துச்சு. நடுங்குத விரல பேச்சிக்காவப் பாத்து நீட்டி, "ரத்தம் இல்லக்கா. இவ"ன்னாரு. குழறாம சொன்னாரு.

பேச்சிக்கா அவரப் பாக்கல. அடுத்த துப்பாக்கியோட குழல மடக்கி அவரு மடியில வச்சா.

"சரி சரி, ஆளு நிக்காங்க. குண்டப் போடுங்க."