சுடுகாட்டு மல்லியும் சுவரில் வைத்த கைகளும்

எழுபதுகளின் கடைசியில், பள்ளி திறந்த ஒரு ஜூன் மாதம். என் ஒரே மகள் கிரேசுக்குப் பல் துலக்கும்போதெல்லாம் ஈறில் ரத்தம் வந்தது. கை கால்களில் நீலம் நீலமாகக் கன்றியிருந்தது. ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்து, ரத்தப் புற்றுநோய் என்றார்கள்.

நாகர்கோவில் பக்கமிருந்து பிழைக்க வந்து, திருவனந்தபுரத்தில் சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒற்றை அறையில் குடியிருந்தோம். என் புருஷன் இரும்புக் கடையில் சுமை தூக்கினார். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. “ஆண்டவரே, கொடுத்துவிட்டுப் பிடுங்குவீரா?” என்று நேராகவே கேட்டேன்.

டாக்டரம்மா மலையாளி, சின்ன வயசு. “இந்த ஊசி ஒரு செடியிலேந்து எடுக்குந்நது. நித்தியகல்யாணி. நிங்ஙளுக்குத் தெரியுமல்லோ?” என்றார்.

எனக்குத் திக்கென்றது. எங்கள் ஊரில் அதற்குப் பெயர் சுடுகாட்டு மல்லி. கல்லறைத் தோட்டத்தில் தானாக மண்டிக் கிடக்கும், வீட்டில் யாரும் வைக்க மாட்டார்கள். அதையா என் பிள்ளைக்கு ஏற்றுவது?

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். எலும்புக்குள்ளேதான் ரத்த அணுக்கள் உண்டாகின்றன. அங்கே கெட்ட அணுக்கள் பெருகுவதை இந்தச் செடியின் சத்தும் கூடக் கொடுக்கிற மருந்துகளும் தடுக்கும். ஆனால் நோயை எதிர்க்கும் வெள்ளை அணு போன்ற நல்ல அணுக்கள் உண்டாவதும் கொஞ்ச காலம் குறைந்துபோகும். “வெள்ளை அணு ஏறுற வரெ ஆரும் உள்ள வரண்டா, கேட்டோ. ஒரு ஜலதோஷம் போதும், குட்டி தாங்காது.”

ஆஸ்பத்திரியிலேயே தனி அறையில் வைத்து ஊசி போட்டார்கள். முடி கொட்டியது. வெள்ளை அணு இறங்கிக்கொண்டே போனது. ஒரு ஞாயிறு காலை காய்ச்சலும் வந்து, பிள்ளை கண்ணைத் திறக்காமல் கிடந்தாள்.

அன்று ஆராதனை முடிந்ததும் எங்கள் சபையே ஆஸ்பத்திரிக்குக் கிளம்பி வந்துவிட்டது. நம் சபை வழக்கம் உங்களுக்குத் தெரியும். வியாதிக்காரரைச் சுற்றி நின்று, எல்லோரும் தலையில் கை வைத்துச் சத்தமாக ஜெபிப்போம். காய்ச்சலைக் கண்ட பயத்தில் வரச் சொல்லி அழைத்திருந்ததே நான்தான். முன்னால், சபையை நடத்தும் உபதேசியார், ஜெபித்துப் பூசும் எண்ணெய்க் குப்பியோடு நின்றார். பின்னால் யாரோ இருமினார்கள். டாக்டரம்மா சொன்ன ஜலதோஷம் நினைவுக்கு வந்தது. கதவை மறித்துக்கொண்டேன்.

“உபதேசியாரே, உள்ள வராதீங்க.”

“பிள்ளைக்கு ஜெபிக்கத்தானே வந்தோம், மேரி?”

“ஜெபிங்க. கை மட்டும் வைக்காண்டாம்.”

“ஏட்டி, ஒனக்கு விசுவாசம் இல்லியா? கர்த்தர் காக்க மாட்டாரா?” என்றாள் கூட வந்த ஒருத்தி.

“அவரு காக்கதுக்குத்தான் என்னை இந்த வாசல்ல நிறுத்தியிருக்காரு” என்றேன்.

உபதேசியார் என் முகத்தையே பார்த்தார். பிறகு குப்பியைப் பைக்குள் வைத்தார். “வாங்க, வெளிய போவோம்.”

கொட்டுகிற மழையில், எங்கள் ஜன்னலுக்குக் கீழே போய் நின்றார்கள். நர்ஸ் அதட்டியதால் சத்தமும் போடவில்லை. அத்தனை பேரும் ஈரச் சுவரில் உள்ளங்கையை வைத்து முணுமுணுத்தார்கள். கிரேஸ் மெதுவாகக் கண்ணைத் திறந்து, “நம்ம சபையாம்மா?” என்றாள். அப்போதுதான் நான் உடைந்து அழுதேன்.

மறுநாளும் காய்ச்சல் விடவில்லை. டாக்டரம்மா என் முகத்தைப் பார்க்காமலே போனார். சபையார் சாயங்காலந்தோறும் வந்து சுவரில் கை வைத்தார்கள். அந்த வாரம் முழுக்க நான் செத்துச் செத்துப் பிழைத்தேன். பிறகு ஒரு காலையில் டாக்டரம்மா ஓட்டமும் நடையுமாக வந்தார். “வெள்ளை அணு ஏறிட்டுண்டு!” அன்றே காய்ச்சலும் இறங்கத் தொடங்கியது. சிகிச்சை பின்னும் சில வருஷம் நடந்தது. ஒரு ஊசியைக்கூட நாங்கள் விடவில்லை.

அன்பானவர்களே, அந்தச் செடிக்குள் மருந்தை வைத்தவரும் ஆண்டவரே, ஜன்னலுக்கு வெளியே முணுமுணுத்ததைக் கேட்டவரும் அவரே. வைத்தியர் சொல்வதைக் கேளுங்கள், ஆண்டவரையும் நம்புங்கள். சண்டை போட்டாவது அவரிடமே போய் நில்லுங்கள். நான் அப்படித்தான் நின்றேன்.

இப்போது என் வீட்டு வாசலில் சுடுகாட்டு மல்லி பூத்து நிற்கிறது. வருகிறவர்கள் முகம் சுளித்து, “இதைப் போய் வீட்டில் வைப்பார்களா?” என்று கேட்பார்கள். நான் உள்ளே திரும்பி, “கிரேஸ், இங்க வா மக்கா” என்று கூப்பிடுவேன்.