மஞ்சள் வீட்டு வாசலில் தளரும் வார்

குதிரையைப் பற்றித் தனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று என் மாமா சொல்லிக்கொள்வார். வேறு யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அம்மாவின் ஒரே தம்பி. நாகர்கோவிலில் பி.காம். முடித்துவிட்டு வேலை தேடித் திருவனந்தபுரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தவர், நாலு இடம் ஏறி இறங்கிவிட்டு, சங்குமுகம் கடற்கரைப் பக்கம் இருந்த ஒரு குதிரையேற்றப் பள்ளியில் போய்ச் சேர்ந்துகொண்டார். படித்த பிள்ளை சாணி அள்ளுகிறதே என்று அம்மாவுக்கு அடங்காத ஆற்றாமை. சாலைக் கடைத்தெருவில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கெழுதிக்கொண்டிருந்த அப்பாவோ, "நானும் பி.காம்.தான், என்னத்தக் கண்டேன்? அவனாவது காத்தாட நிக்கட்டும்" என்று மச்சினனுக்குக் கட்சி கட்டுவார்.

நான் ஆறாம் வகுப்பு படிக்கும்போது அந்தப் பள்ளிக்குப் பெங்களூரிலிருந்து ஒரு பெட்டைக் குதிரை வந்தது. செம்மண் நிறம், நெற்றியில் வெள்ளைத் திட்டு. பள்ளி முதலாளி அதற்கு அம்மிணி என்று பெயர் வைத்தார். முதுகில் ஆள் ஏறினால் தூக்கி எறியக் கூடாது என்கிற அளவுக்கு மட்டும் அதைப் பழக்கி அனுப்பியிருந்தார்கள். நட, நில், திரும்பு எதுவும் தெரியாது. முதுகில் ஒரு ஆள் உட்கார்ந்ததும் நாலு காலும் யாருடையதோ என்பது போலத் தள்ளாடும். இளம் முதுகு, கனமான ஆளை ஏற்றக் கூடாது. எடையில்லாத ஒரு ஆள் வேண்டும் என்று மாமா தேடினார். தேடவே வேண்டியிருக்கவில்லை. பலமாகக் காற்றடித்தால் கொடியில் காயும் துணியோடு நானும் போய்விடுவேன் என்று அம்மா சொல்லிச் சொல்லித்தான் எனக்குச் சோறு ஊட்டுவாள்.

அம்மா லேசில் விடவில்லை. மாமாவுக்குப் பெண் பார்த்துப் பார்த்து அவள் அலுத்துப் போயிருந்த காலம் அது. எந்த ஜாதகத்தைக் காட்டினாலும் "இப்பம் வேண்டாம்க்கா" என்பார். ஆகவே அம்மா பேரம் பேசினாள். பிள்ளையைக் குதிரையில் ஏற்றலாம், ஆனால் அம்மிணி பழகி முடிந்ததும் மாமா வாயை மூடிக்கொண்டு பெண் பார்க்க வர வேண்டும். மாமா உடனே தலையாட்டினார். அவ்வளவு சுலபமாகத் தலையாட்டினதும் அம்மாவுக்கே சந்தேகம் வந்தது.

முதலாளியும் ஒரு கெடு வைத்திருந்தார். ஓணம் லீவு முடிவதற்குள் ஒரு சின்னப் பிள்ளை தனியாக ஏறி, ரோட்டில் கடற்கரை வரை போய் ஒழுங்காகத் திரும்பி வந்தால் அம்மிணி இங்கே இருக்கும். இல்லையென்றால் பெங்களூருக்கே வண்டி ஏற வேண்டியதுதான். அந்த நேரத்துக்கு எனக்கு அம்மிணி என்றால் உயிர். என் பாக்கெட்டை மோந்து பார்த்துவிட்டு அது விடுகிற சூடான மூச்சுக்காக நான் பல் தேய்க்காமல்கூட ஓடியிருக்கிறேன். ரோட்டில் லாரியைப் பார்த்தாலே அதை ஏற்றிப்போக வந்ததோ என்று பின்னால் ஓடிப் பார்ப்பேன்.

முதலில் மணல் திடலில் கயிற்றின் நுனியில் வட்டம். பிறகு கடிவாளத்தை மாமா பிடித்துக்கொள்ள நடை. "மக்களே, லகானப் பிடிச்சு இழுக்காத. அதுக்க வாய் உனக்க வாய் மாதிரிதான், வலிக்கும். மூச்ச மெதுவா விடு, அது நிக்கும்." நான் மூச்சை விடுவேன். முதலில் அம்மிணிக்கு என் மூச்சும் கடல் காற்றும் ஒன்றாகத்தான் இருந்தது. ஒரு நாள் காலையில் நான் மூச்சை விட்டதும் அது டக்கென்று நின்று, காதை என் பக்கம் திருப்பி, சரிதானா என்று கேட்பது போல் நின்றது. அன்றைக்கு நான் அடைந்த சந்தோஷம் பிறகு எந்தப் பரீட்சையிலும் கிடைக்கவில்லை.

மாமாவிடம் ஒரு பெரிய சட்டம் இருந்தது. ஒரே இடத்தில் குதிரையைத் திரும்பத் திரும்ப நிறுத்தக் கூடாது. இளங்குதிரை நம் சொல்லைப் படிப்பதற்கு முன்னால் இடத்தைப் படித்துவிடும், அப்புறம் ஆயுசுக்கும் அங்கே வந்தால் நிற்கும். ஒருநாள் நான் தொடர்ந்து ஒரே வேப்ப மரத்தடியில் நிறுத்தினேன் என்று என்னை அப்படி ஏசினார். சட்டம் எனக்கு நன்றாக மனசில் பதிந்துவிட்டது.

ரோட்டுக்கு வந்த பிறகுதான் வார் பிரச்சினை தொடங்கியது. சேணத்தை வயிற்றோடு சேர்த்துக் கட்டுகிற வார். கட்டும்போது குதிரை வயிற்றை உப்பிக்கொள்ளும், கொஞ்ச தூரம் நடந்ததும் தளரும், அப்போது இறங்கி ஒருதரம் இறுக்க வேண்டும். இது எல்லாக் குதிரைக்கும் உள்ளதுதான். ஆனால் அம்மிணியின் வார் மட்டும் தினமும் ஒரு மஞ்சள் வீட்டு வாசலுக்கு வந்ததும்தான் தளரும். ஒருநாள் வேறு வழியாகச் சுற்றி வந்தோம். அன்றைக்கும் அந்த வாசலுக்கு வரும்வரை தளராமல் தாக்குப்பிடித்தது.

அந்த வார் லேசில் இறுகவும் செய்யாது. மாமா குனிந்து நிமிர்ந்து மல்லுக்கட்டுவார். அதற்குள் அந்த வீட்டிலிருந்து ஒரு சேச்சி வருவாள். நர்சிங் முடித்துவிட்டு ஏதோ பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தவள். கையில் அம்மிணிக்கு ஒரு ஏத்தம்பழம் இருக்கும். அம்மிணி பழத்தைத் தின்னும், சேச்சியும் மாமாவும் மழையைப் பற்றிப் பேசுவார்கள். மழையைப் பற்றி அவ்வளவு பேச இருக்கிறது என்று எனக்கு அதுவரை தெரியாது. மாமாவின் மலையாளம் அம்மிணியைவிட வேகமாகத் தேறிக்கொண்டு வந்தது. எனக்கு உள்ளூர ஒரே கவலை, இந்த இத்துப்போன வாரை வைத்துக்கொண்டு நாங்கள் எப்படி ஜெயிக்கப் போகிறோம் என்று.

கெடு நாளும் வந்தது. அம்மா பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு அப்பாவோடு ஆட்டோவில் வந்து இறங்கினாள். முதலாளி ஸ்கூட்டரிலும் அப்பாவும் அம்மாவும் அதே ஆட்டோவிலும் பின்னால் வருவதாக ஏற்பாடு. கயிறும் கிடையாது, மாமாவும் பக்கத்தில் வரக் கூடாது. நானும் அம்மிணியும் மட்டும். புறப்படும் முன் மாமா வாரை இரண்டு கையாலும் இழுத்துக் கட்டினார். முகம் வேர்த்திருந்தது. எனக்காகப் பயந்துதான் வேர்க்கிறது என்று நினைத்தேன்.

அம்மிணி தங்கமாக நடந்தது. ஹாரன் அடித்துப் போன பஸ்ஸைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மீன் கூடையோடு வந்த அம்மச்சிக்கு ஒதுங்கி வழி விட்டது. கடல் கண்ணில் பட ஆரம்பித்தது. மஞ்சள் வீட்டு வாசல் வந்ததும் நின்றது.

நான் காலால் மெல்ல அணைத்தேன். நகரவில்லை. நாக்கைச் சொடுக்கினேன், கெஞ்சினேன், அம்மிணி கேட்டைப் பார்த்தபடி ஆணியடித்தது போல் நின்றது. ஸ்கூட்டர் பின்னால் வந்து நின்றது. அப்பாவும் அம்மாவும் ஆட்டோவிலிருந்து இறங்கினார்கள். மாமா ஓடி வந்து பத்தடி தள்ளி நின்று வானத்தைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து ஒரு விமானம் எங்கள் தலையைத் தொடுகிற மாதிரி இரைந்துகொண்டு இறங்கியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். அம்மிணி காதை மட்டும் ஒருதரம் அசைத்துவிட்டு அங்கேயே நின்றது. பிறகு கழுத்தை நீட்டி, ஊரே கேட்கக் கனைத்தது.

கதவு திறந்தது. சேச்சி பழக்கதோஷத்தில் ஏத்தம்பழத்தோடு வாசலுக்கு வந்துவிட்டாள். கூட்டத்தைப் பார்த்ததும் பழத்தை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். அம்மிணி கேட்டுக்கு மேலே தலையை விட்டுத் தேடியது.

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எல்லாம் போச்சு, லாரி வரப் போகிறது. குதிரைமேல் ஒரு தப்பும் இல்லை என்று எப்படியாவது சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. "அம்மிணி பாவம். இங்க தினமும் நிப்போம். இங்க வந்தாத்தான் வார் தளரும். மாமா ரொம்ப நேரம் இறுக்குவாரு, சேச்சி பழம் கொடுப்பாங்க."

"தினமுமா?" என்றாள் அம்மா.

"மழை பெஞ்சாலும்" என்றேன்.

அம்மா அம்மிணியின் பக்கம் வந்து வாருக்குள் விரலை நுழைத்துப் பார்த்தாள். நுழையவில்லை. தம்பியைப் பார்த்தாள், கேட்டுக்குப் பின்னால் நின்ற சேச்சியைப் பார்த்தாள். "ஒரே எடத்துல குதிரைய நிறுத்தப்பிடாதுன்னு நேத்துகூட வீட்ல வந்து வெளம்பினியேலே" என்றாள் மாமாவிடம். மாமாவுக்கு அப்போதும் வானத்தில் ஏதோ வேலை இருந்தது. அம்மா கேட்டைத் திறந்து, குடிக்கத் தண்ணீர் கிடைக்குமா என்று கேட்டுக்கொண்டே உள்ளே போனவள், எங்களையெல்லாம் மறந்துவிட்டாள்.

முதலாளி வயிறு குலுங்கச் சிரித்தார். ஓடுகிற குதிரை எங்கும் கிடைக்கும், விமானம் தலைமேல் போகும்போது முதுகில் குழந்தையை வைத்துக்கொண்டு அசையாமல் நிற்கிற குதிரைக்கு எங்கே போவது, என்று மலையாளத்தில் சொன்னார். ஒரே ஒரு வாசலைத்தான் அது மறக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த வாசலில் இருப்பவளை நாம் வேறு வாசலுக்கு மாற்ற வேண்டும் என்றும் சொன்னார். பின்பாதியை நான் கவனிக்கவில்லை. அம்மிணியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தேன், சந்தோஷத்தில்.

மறு வருஷம் மேட மாதம், நம்ம சித்திரையில், மாமாவுக்கும் சேச்சிக்கும் கல்யாணம். ஊரில் மலையாளத்துப் பெண்ணா என்று இழுத்தவர்களிடம் அம்மா, "குதிரையே பாத்து முடிவு பண்ணியாச்சு, நீங்க என்ன புதுசா பாக்கப் போறிய" என்று ஒரே போடாகப் போட்டாள்.

என்ன பரிசு கொடுக்கலாம் என்று எல்லோரும் யோசித்தபோது எனக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அப்பாவை நச்சரித்து, முதலாளி மூலமாகச் சொல்லிவைத்து, அசல் தோலில் ஒரு புது வார் வாங்கி வண்ணக் காகிதத்தில் சுற்றி வைத்திருந்தேன். மண்டபத்தில் மேடையேறி மாமாவின் கையில் கொடுத்து, எல்லோருக்கும் கேட்கும்படியாகவே சொன்னேன். "இது தளராது மாமா. இனி நீங்க யார் வாசல்லயும் நிக்க வேண்டாம்."

மண்டபமே சிரித்தது. முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டார். புது அத்தை மாலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். மாமா வாரைப் பிடித்துக்கொண்டு மண்டபத்துக் கூரையைப் பார்த்தார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவேயில்லை. நல்ல வார், அப்பா இழுத்துப் பார்த்துத்தான் வாங்கினார். ஒரு பொருளின் அருமை தெரியாத ஜனங்கள் என்று நினைத்துக்கொண்டு, அன்றைக்கு அடைப்பிரதமன் பாயசத்தைக்கூட இரண்டாம் தடவை கேட்காமல் எழுந்துவிட்டேன்.