மஞ்சள் மாத்திரைக்காரர்

செபமாலை முடிந்து சிலுவை போட்ட கையோடு ராஜநாயகம் எழுந்து விறைப்பாக நிற்பார். மஞ்சள் மாத்திரையை வாயில் போட்டு, ஒரு மிடறு தண்ணீர் குடித்து, வாயைப் பிளந்து நாக்கைத் தூக்கிக் காட்டுவார். எதிரே பட்டாளத்துச் சுபேதார் கிடையாது. சாந்தோம் வீட்டுச் சுவர்தான். பர்மா முகாமில் மலேரியாவுக்குக் கொடுத்த மாத்திரையைத் துப்பிவிடும் கள்ளர்களைப் பிடிக்கப் போட்ட சட்டம் அது. சண்டை ஓய்ந்து ஊர் திரும்பியும் இந்த ராணுவச் சமையற்காரரை அது விட்டபாடில்லை.

"கூட இருந்தவனெல்லாம் குளிர்காய்ச்சல்ல பூட்டான். நான் கீறேன்ல? இந்த மாத்திரதான்!" மூட்டையில் அவர் கொண்டுவந்தது துணியைவிட மாத்திரை டப்பாதான் அதிகம்.

மேனியெல்லாம் மஞ்சள் பூத்துவிட்டது. காமாலைக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள் என்பார்கள். எங்கள் சாந்தோம்காரர்களுக்கோ மஞ்சளெல்லாம் காமாலை. மனைவி மர்சலின் கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கி ஊற்றினாள். உப்பில்லாப் பத்தியச் சோறு வேறு. ஒரு பட்டாளத்துக்கே வடித்துப் போட்ட மனிதர் அதைப் பார்த்து முகம் சுளித்தார்.

"மாத்திர சாயம்டி இது. காமாலையும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல."

அதுவரை அவர் சொன்னது சரி. அப்புறம்தான் வந்தது வினை. நாலு எட்டு நடந்தால் மூச்சு வாங்கியது. பழைய காய்ச்சல் திரும்புகிறது என்று தாமாகவே முடிவு கட்டி, தினம் ஒன்றாக இருந்த மாத்திரையை இரண்டாக்கினார். ஒரு ஞாயிறு பூசையில் முழந்தாளிட்டவர் எழுந்திருக்கவில்லை.

மயிலாப்பூர் டாக்டர் சந்திரமௌலி கண்ணின் கீழிமையை இழுத்துப் பார்த்தார். மஞ்சளுக்கு அடியில் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. ரத்தத்தைச் சோதித்துவிட்டு மர்சலினைத் தனியே கூப்பிட்டார்.

"எலும்புக்குள்ளே ரத்தத்தோட செவப்பு ஊறறதே நின்னுபோயிடுத்தும்மா. ரொம்ப அபூர்வமா இப்படி ஆறதுண்டு. மாத்திரைதான் காரணம்னு எனக்குச் சந்தேகம். அதை விட்டா திரும்ப ஊறலாம். விடலேன்னா ஆள் தங்க மாட்டார்."

"சேசுவே!" என்றாள் மர்சலின். வீட்டுக்கு வந்ததும் டப்பாக்களைக் கொண்டுபோய்க் கடலில் கொட்டினாள். ராஜநாயகம் குழந்தை மாதிரி அழுதார். "இத வுட்டா காய்ச்சல் வந்து செத்துப்பூடுவேன்டி!"

இப்போதும் செபமாலை முடிந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டாவது எழுந்து நிற்கிறார். எதிரே சுபேதாராக மர்சலின். முகாமில் மாத்திரை உள்ளே போனதா என்று பார்த்தார்கள். இவள் போகவில்லைதானே என்று பார்க்கிறாள்.

"வாயத் தொற. நாக்கத் தூக்கு."

வெளுத்த நாக்கு. வேறொன்றும் இல்லை.

"சரி, போய்ப் படு."

நேற்று அவர் நகரவில்லை. மூடியிருந்த இடது கையை நீட்டி, விரல்களை மெல்ல விரித்தார். கடலுக்குத் தப்பவைத்து ஒளித்திருந்த, வியர்வையில் கரைந்த ஒற்றை மாத்திரை, உள்ளங்கையெல்லாம் மஞ்சள்.