முழங்காலில் இடித்த பிரேக்

இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு ஓரிரு வருஷம் முந்தி, ஒரு ஆனி மாதம். குற்றாலத்தில் சாரல் கட்டியிருந்தது. எனக்குக் கல்யாணமாகித் தென்காசிக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

என் கணவருக்கு அரிசி மில்லில் எஞ்சின் பார்க்கிற வேலை. அவருக்கும் அவர் அண்ணனுக்கும் மோட்டார் பைத்தியம். அண்ணனை நான் அத்தான் என்று கூப்பிடுவேன். மலைத்தோட்டத்துத் துரை ஒருவர் கழித்துப்போட்ட காரை வாங்கி வந்து, மேல்கூட்டை வெட்டி எறிந்துவிட்டு, பழைய லாரி ஒன்றின் எஞ்சினையும் கியர் பெட்டியையும் அதில் ஏற்றினார்கள். பின்னால் எதிரெதிரே இரண்டு பெஞ்சுப் பலகை. மூக்கை நீட்டிக்கொண்டு நின்ற அந்த வண்டியைப் பார்த்துத் தெருவே சிரித்தது. நானும் சேர்ந்துதான் சிரித்தேன்.

பிரேக்கை எங்கே வைப்பது என்பதில்தான் அண்ணன் தம்பிக்கு ஓயாத சண்டை. முற்றத்தில் சாக்கட்டியால் வண்டியை வரைந்து, மிதி இங்கே, கம்பி அங்கே என்று அழித்து அழித்துப் போடுவார்கள். எனக்குக் கோலம் போட இடம் கிடையாது. கால் பிரேக்கின் மிதியிலிருந்து ஒரு நீளக் கம்பி வண்டிக்கு அடியில் ஓடிப் பின்சக்கரங்களைப் பிடிக்கும். அதில் தகராறு இல்லை. கை பிரேக்தான் வம்பு. அது லாரியின் கியர் பெட்டியோடு வந்தது. பெட்டிக்குப் பின்னாலேயே, சக்கரங்களைச் சுழற்றுகிற தண்டைப் பிடித்து நிறுத்தும். அதன் பிடி முன் இருக்கைக்கு நடுவில் உலக்கை மாதிரி நின்றது.

"ஏலே, அதைக் கழத்தி வெளிப்பக்கமா வையி. முன்னால மூணு பேரு இருக்கலாம்லா?" என்றார் அத்தான்.

"ஆமா, என் முழங்கால்ல இடிச்சிக்கிட்டே கெடக்குது" என்று நானும் அவர் கட்சியில் சேர்ந்துகொண்டேன்.

"வெளிய கொண்டுபோனா நடுவுல ரெண்டு மூட்டு கூடும். மூட்டு கூடுனா ஆட்டமும் கூடும். இருந்த எடத்துல இருக்கட்டும்" என்று இவர் மறுத்துவிட்டார். பிடித்தால் பிடிதான், அவர் குணம் அப்படி.

இலத்தூர் ரோட்டில் அண்ணனும் தம்பியுமாக ஓட்டிப் பார்த்தார்கள். மிதித்த இடத்தில் வண்டி நின்றது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஐந்தருவிக்குப் புறப்பட்டோம். நாங்கள் மூன்று பேரும் அத்தானின் மனைவியும்தான். போகும்போது ஒரு குறையும் இல்லை.

குளித்துவிட்டுக் கிளம்புகிற நேரத்தில் என் நாத்தனார் எதிரே வந்தார். சுரண்டையிலிருந்து புருஷன், பிள்ளைகள், மாமியார், மாமியாரின் தங்கை என்று பட்டாளமே வந்திருந்தது. வண்டியை வைத்துக்கொண்டு சொந்தக்காரர்களை நடக்க விட்டால் பிறகு ஊருக்குள் தலைகாட்ட முடியுமா? எல்லோரும் ஏறினார்கள். ஈரத்துணி மூட்டைகளும் இரண்டு பலாப்பழமும் ஏறின. பின்பக்கம் தாழ்ந்து, வண்டி குந்தி உட்கார்ந்த மாதிரி ஆயிற்று. நாங்கள் அதைப் பார்த்தும் சிரித்தோம்.

இறக்கம் வந்தது. சாரலில் ரோடு பளபளத்தது. ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் பள்ளம். இவர் பிரேக்கை மிதித்தார். மிதி பலகை வரைக்கும் போய் முட்டியது, வண்டி கேட்கவில்லை. மறுபடியும் மிதித்தார். என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை, ஆனால் அவர் முகம் வெளுத்துப்போனது தெரிந்தது. கியரைக் குறைக்கப் பார்த்தார். பற்கள் சேராமல் கடகடவென்று அலறின. எஞ்சின் கொடுத்துக்கொண்டிருந்த கொஞ்சப் பிடிப்பும் அத்தோடு போயிற்று.

வளைவு திரும்பியதும் ரோடு நிறைய ஜனம். ஈரத்தலையோடு நடந்துபோகிற பெண்கள், நடுவில் ஒரு மாட்டுவண்டி. இவர் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். ஒரு கையை எடுத்தாலும் பள்ளம்தான். இத்தனை பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வந்தோமே என்றுதான் எனக்குத் தோன்றியது.

"ஏட்டி, அந்தப் பிடியை இழு! விடாம இழு!" என்று இவர் கத்தினார்.

முழங்காலில் இடித்துக்கொண்டிருந்த அதை இரண்டு கையாலும் பற்றினேன். முன்பலகையில் காலை ஊன்றி, மல்லாந்து விழுகிற மாதிரி இழுத்தேன். காலடியில் ஏதோ கிறீச்சிட்டது. கருகிய வாடை வந்தது. பிடி திமிறி முழங்காலைக் கிழித்தது, வலி தெரியவில்லை. வண்டி முனகி முனகித் தளர்ந்து, மாட்டுவண்டிக்கு ஒரு கை தூரத்தில் நின்றது. மாடு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஏன் நிப்பாட்டிட்டே? மழை வருதுல்லா?" என்று பின்னாலிருந்து நாத்தனார் கேட்டார். அவருக்கு ஒன்றும் தெரியாது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

எல்லோரையும் இறக்கிவிட்டு இவர் மிதியை அமுக்கினார். கெட்டியாகப் பிடித்தது! ஒருவருக்கும் புரியவில்லை. அத்தான் அடியில் குனிந்துகொண்டு, "எல்லாரும் ஒருக்க ஏறுங்க" என்றார். ஏறினோம். பாரத்தில் பின்சக்கரங்களுக்கு மேலிருந்த ஸ்பிரிங் வில் தாழ்ந்ததும், விறைப்பாக இருந்த கம்பி கொடிக்கயிறு போலத் தொய்ந்துவிட்டது. வெறும் வண்டியை வைத்து அளந்து மாட்டிய கம்பி அது. ஏறப்போகிறவர்களை யாருமே கணக்கில் எடுக்கவில்லை. கை பிரேக்குக்கு அந்தத் தொல்லை இல்லை. அது வில்லோடு சம்பந்தப்படாமல் கியர் பெட்டியோடேயே இருந்தது. வெறும் வண்டியை அண்ணனும் தம்பியும் ஊர்ந்து ஓட்டி வர, நாங்கள் சாரலில் நனைந்துகொண்டு நடந்தோம்.

மறுநாள் எங்கள் முற்றத்தில் நடந்ததைப் பார்க்கக் கூட்டம் கூடிவிட்டது. இரவு எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்ட நாத்தனார் பட்டாளம் உட்பட அத்தனை பேரையும் பலாப்பழத்தோடு வண்டியில் உட்காரவைத்துவிட்டு, இவர் அடியில் படுத்துக் கம்பியை மாற்றி அமைத்தார். நாங்கள் முறுக்கு தின்றுகொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தோம்.

"என்ன, வண்டி எங்க போவுது?" என்று பக்கத்து வீட்டு அண்ணாச்சி கேட்டார்.

"இங்கனயேதான் இருக்கும். நாங்க நல்லபடியா ஊரு போய்ச் சேருததுக்குத்தான் இம்புட்டும்" என்றேன்.

அந்தப் பிடியை அப்புறம் நான் குறை சொல்லவில்லை. முழங்கால் தழும்பு இன்னும் இருக்கிறது, யாராவது எதையாவது அழகாகத் திட்டம் போட்டு வந்து காட்டினால் என் கை தானாக அதைத் தடவும், "இதில் ஏறப்போகிறவர்களை ஏற்றிப் பார்த்தீர்களா?" என்று கேட்காமல் எனக்கு இருப்புக் கொள்ளாது.